பழவேற்காடு ஏரித் தீவுகளின் கதையை யார் எழுதி வைப்பது? பாட்டி விட்டுச்சென்ற 40 நிமிடப் பதிவு

இருக்கம்_பேரன் | ஞாயிறு, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

என் அம்மாவைப் பெற்ற பாட்டி, பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் இருக்கம் தீவில் பிறந்தவர். கல்யாணமாகி பொன்னேரிப் பக்கம் வந்துவிட்டார். போன தை மாதம் தவறிவிட்டார். அவர் குரல் என்று என்னிடம் இருப்பது கைப்பேசியில் எடுத்த 40 நிமிடப் பதிவு ஒன்றுதான். அதிலும் பாதி மின்விசிறிச் சத்தம், நடுவில் குக்கர் விசில். சின்ன வயதில் அப்பாவோடு படகில் கரைக்குப் போய்வந்த வழியை அதில் சொல்கிறார். எந்தத் திட்டைத் தாண்டினால் ஆழம், எங்கே இறங்கித் தள்ள வேண்டும், வாடைக் காற்று அடித்தால் எந்த ஓடை வழியாகச் சுற்றிப்போக வேண்டும் என்று ஒவ்வொரு இடத்தையும் பெயர் சொல்லியே சொல்கிறார். 14 பெயர்கள் சொல்கிறார். பத்து தடவை கேட்டும் எனக்குப் பிடிபட்டது 9 தான்.

கூகுள் மேப்பில் அந்த வழி முழுக்க ஒரே நீலம்.

பழவேற்காடு என்று இணையத்தில் தேடினால் வருவது டச்சுக் கல்லறை, பூநாரை, ராக்கெட். டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்டிரியா கோட்டை கட்டியதும், 1690-ல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றியதும் ஆண்டு வாரியாகக் கிடைக்கின்றன. கல்லறைத் தோட்டத்து வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளை எல்லாக் கோணத்திலும் படம் எடுத்துவிட்டார்கள். அவற்றைக் குறை சொல்லவில்லை, அதுவும் எங்கள் ஊர் வரலாறுதான். ஆனால் அந்தக் கோட்டைக்கு மீன் கொண்டுபோய்க் கொடுத்த சனங்களைப் பற்றி ஒரு பக்கம் தேடினாலும் கிடைக்கவில்லை. தீவுகளைப் பற்றியும் அப்படித்தான்.

பாட்டியின் தங்கை இன்னும் தீவில் இருக்கிறார். அவரைப்போல ஏழெட்டுப் பேர் இருக்கலாம். எதைப் பதிவு செய்வது, எங்கே வைப்பது, யாரிடம் அனுமதி கேட்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

பொன்னேரி_டீச்சர் | ஞாயிறு, இரவு 10:25

தம்பி, பாட்டிக்கு என் அஞ்சலி. நல்ல காரியம், தள்ளிப்போடாதே.

ஏரிக்கரைப் பள்ளிகளில் 22 வருஷம் பாடம் எடுத்தவள் நான். பிள்ளைகளை வைத்து ஊர்க்கதை சேகரித்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். பெரியவர்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்காதே. அவர்கள் வருஷத்தை எண்ணில் வைத்திருப்பதில்லை. "அது புயலுக்கு முன்னாடியா, அப்புறமா?" என்று கேள். 1984 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டா அருகே கரையைக் கடந்த புயலை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. அதேபோல எம்.ஜி.ஆர். இறந்தது, அதாவது 1987 டிசம்பர். அப்புறம் சுனாமி. வயதில் இன்னும் மூத்தவர்களிடம், ஸ்ரீஹரிகோட்டாத் தீவுக்காரர்களை அங்கிருந்து எழுப்பி ராக்கெட் தளம் வந்த காலத்தைக் கேட்கலாம். இந்த நாலைந்து முளைகளை அடித்துக்கொண்டால் மற்றதையெல்லாம் அவர்களே கட்டிவிடுவார்கள். "மூத்தவ பொறந்தப்ப முதல் ராக்கெட்டு விட்டான், சத்தத்துல கூரை ஆடுச்சு" என்று ஒரு அம்மா சொன்னதை வைத்து நாங்கள் ஒரு குடும்பத்துக் கதை முழுவதற்கும் காலம் கண்டுபிடித்தோம்.

இன்னொன்று. முதல் நாளே கருவியை நீட்டாதே. முதல் நாள் சாப்பிட்டுவிட்டு வா.

---

ஆவணப்பெட்டி | திங்கள், காலை 7:15

தாள் ஆவணங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இந்த ஏரியில் தேடுகிறவர்கள் பலரும் ஒரே இடத்தில் இடறுவார்கள். தேடவேண்டிய ஊர் எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதுதான் அந்த இடம்.

ஏரியின் பெரும்பகுதி இப்போது ஆந்திராவில். தடா, சூளூர்ப்பேட்டை பக்கம் சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டமாக இருந்தது. 1953-ல் ஆந்திரம் பிரிந்தபோது நெல்லூரோடு அந்தப் பக்கம் போனது. 1960-ல் இரண்டு மாநில எல்லையையும் திருத்தினார்கள், அப்போதும் சில ஊர்கள் கைமாறின. 2022 ஏப்ரலில் ஆந்திராவில் மாவட்டங்களைப் பிரித்தபோது சூளூர்ப்பேட்டையும் தடாவும் திருப்பதி மாவட்டத்துக்குப் போயின. நம் பக்கம் பொன்னேரி 1997 வரை செங்கல்பட்டு மாவட்டம், அதற்கப்புறம் திருவள்ளூர். ஆகவே ஒரே குடும்பத்துக்கு நூறு வருஷக் காகிதம் தேடினால் நாலு பெயரில் தேட வேண்டும்.

பழைய மாகாண ஆவணங்களுக்கு எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். வீட்டிலிருந்தே பார்க்கக்கூடியவை என்றால் 1873-ல் பாஸ்வெல் தொகுத்த நெல்லூர் மாவட்டக் கையேடு, பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகள். கணக்கெடுப்புக் கையேட்டில் ஊர் வாரியாக எத்தனை வீடு, எத்தனை பேர் என்று இருக்கும். அதை அச்செடுத்துக்கொண்டு போய்ப் பெரியவர்கள் முன்னால் படியுங்கள். அந்த எண்களைக் கேட்டதும் "இத்தனை வீடா? யார் யார் வீடு?" என்று அவர்களே விரலை மடக்கி எண்ணத் தொடங்குவார்கள்.

வீட்டுப் பெட்டியில் பழைய பத்திரம், பட்டா, புகைப்படம் இருந்தால் வெளியே எடுத்துக்கொண்டு வராதீர்கள். அங்கேயே திண்ணை வெளிச்சத்தில் கைப்பேசியில் படம் எடுத்துவிட்டு அவர்கள் கண்முன்னாலேயே திரும்பப் பெட்டியில் வைத்துவிடுங்கள். ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்கவே கூடாது. உப்புக் காற்றில் ஊறிய தாள் கையில் எடுத்த உடனே உதிரும்.

---

குப்பத்துக்காரன் | திங்கள், மதியம் 2:10

நான் கோட்டைக்குப்பம். நல்லது செய்கிறீர்கள் தம்பி. ஆனால் ஒரு எச்சரிக்கை சொல்லவேண்டும்.

எங்கள் பக்கம் பாடு முறை இருக்கிறது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முகத்துவாரத்தை ஒட்டி இறால் நன்றாக விழும் இடங்களுக்குப் பாடு என்று பெயர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர்மாதாகுப்பம் மூன்று ஊருக்கும் அங்கே உரிமை. தலைக்கட்டு வாரியாகப் பிரித்து, சீட்டுப் போட்டு, எந்த நாளில் யார் எந்தப் பாடு இடத்தில் சுத்துவலை கட்டுவது என்று முறை வைப்பார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளைக்கு வேறு இடம். ஒருவன் மட்டும் வாரிக்கொண்டு போகாமல் எங்கள் தாத்தா காலத்துக்கும் முன்னாலிருந்து அடுப்பு எரிவது இதனால்தான். வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள்கூட வந்து படித்துவிட்டுப் போனார்கள்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு அமைப்பிலிருந்து வந்தார்கள். பேர் வேண்டாம். மூன்று நாள் தங்கி, பெரியவர்களைப் பேசவைத்து, வீடியோ எடுத்து, ஊர்க் கணக்கு நோட்டையும் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு பிரதி கேட்டோம், அனுப்புகிறோம் என்றார்கள். இன்றுவரை வரவில்லை. அதில் பேசிய இருவர் இப்போது உயிரோடு இல்லை. அவர்கள் பிள்ளைகள் அப்பா குரலைக் கேட்கவேண்டும் என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் என்ன பதில் சொல்ல?

அதோடு, பாடு முறைக் கணக்கு இணையத்தில் வந்தால் ஊருக்கு ஊர் வழக்கு வரும். எல்லை இங்கேயா அங்கேயா என்பது இன்னும் பேசித் தீராத விஷயம். வரலாறு என்று போடப்போய் பஞ்சாயத்து கலையும்படி செய்துவிடாதீர்கள்.

---

பறி | திங்கள், இரவு 8:50

அண்ணன் எழுதியதைப் படித்தேன். அவர் சொன்ன வலி உண்மை. பாடு முறையில் உள்ள நியாயமும் உண்மை. ஆனால் பாடு இல்லாதவர்களும் இந்த ஏரியில் இருக்கிறார்கள். நாங்கள் இருளர்.

என் அம்மா கையால் தடவி இறால் பிடிப்பவர். வலை கிடையாது, படகு கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரில் குந்தியபடியே நகர்ந்துபோவார். தண்ணீர் தாடையைத் தொடும். பனையோலைப் பறியை, அதாவது இறால் போடும் கூடையை, வாயில் கடித்துக்கொள்வார், இரண்டு கையும் அடிச்சேற்றைத் துழாவும். விரலில் இறால் தட்டுப்பட்டதும் அமுக்கிப் பிடித்து பறிக்குள் போட்டுவிட்டு, தலை நிமிராமல் அடுத்த துழாவல். நாலு மணிநேரம், ஐந்து மணிநேரம். சேற்றில் கிளிஞ்சல் கீறி விரல் நுனியெல்லாம் வெட்டு. பறியைக் கடித்துக் கடித்து அம்மாவின் முன்பற்கள் தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்துவிட்டன.

எங்களிடமும் ஒலிப்பதிவு எடுக்க ஒருமுறை வந்தார்கள். "வேலை செய்யும்போது பாடும் பாட்டு ஒன்று பாடுங்கள்" என்றார்கள். வாயில் பறியைக் கடித்திருப்பவர் எப்படிப் பாடுவார்? பாட்டு இல்லை என்றதும் கிளம்பிவிட்டார்கள். அம்மாவுக்குத் தெரிந்தது பாட்டில் இல்லை, விரலில் இருக்கிறது. எந்தச் சேற்றில் எந்த மாதம் இறால் படுக்கும், கால் வைத்ததும் புதைகிற இடம் எது, தண்ணீர் உப்புக் கரிப்பது கூடினால் எது முதலில் ஒதுங்கும் என்று கேட்டால் விடிய விடியச் சொல்வார். அதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அதனால் பெரிய வீடுகளிலும் ஊர்த் தலைவர்களிடமும் மட்டும் பேசிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். ஏரியில் யாருக்குப் பங்கு உண்டு என்று எழுதும்போது யாருக்கு இல்லை என்பதையும் எழுதுங்கள்.

---

சூளூர்ப்பேட்டைத் தமிழன் | செவ்வாய், காலை 6:30

பறி எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. எங்கள் பக்கம் யானாதிப் பழங்குடிகள் கதையும் இதேதான்.

ஸ்ரீஹரிகோட்டா தீவு 1835-ல் அரசின் கைக்கு வந்தது, சென்னைப் பட்டணத்துக்கு விறகு வேண்டும் என்பதற்காக. அந்தக் காட்டில் இருந்த யானாதிகளைப் பற்றி வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதியவை அப்போதிலிருந்து கிடைக்கின்றன. தேன் எடுக்க, கிழங்கு தோண்ட, மூலிகை பறிக்கத் தெரிந்தவர்கள் என்று வியந்தும் எழுதியிருக்கிறார்கள், கேவலமாகவும் எழுதியிருக்கிறார்கள். 1969-ல் ராக்கெட் ஏவ அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1971-லேயே அங்கிருந்து முதல் ஆய்வு ராக்கெட் போனது. தீவில் இருந்த ஊர்கள் காலியாகி, சனங்கள் கரைப்பக்கம் வந்தார்கள். ராக்கெட் வரலாறு தேதி, எடை, உயரம் எல்லாவற்றோடும் இருக்கிறது. காலியான ஊர்களின் பெயர்ப் பட்டியலை ஒரு பொது இடத்தில் எழுதிவைத்து நான் பார்த்ததில்லை. 1980 ஜூலையில் எஸ்.எல்.வி. ராக்கெட் மேலே போனபோது நாடே கொண்டாடியது, நானும் சிறுவனாக ஆடினேன். அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு. அதற்காக அந்த மண்ணில் இருந்தவர்களை எழுதாமல் விடவேண்டும் என்பதில்லை.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. தீவில் ஒரே வீட்டில் மாமியார் தமிழ், மருமகள் தெலுங்கு என்று இருக்கும். ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி தெலுங்கில் முடிப்பார்கள். இந்த ஏரிக்கே இந்தப் பக்கம் பிரளய காவேரி என்று ஒரு பழைய பெயர் உண்டு. எழுத்தில் பெயர்க்கும்போது "சுத்தத் தமிழாக" மாற்றிவிடாதீர்கள். பாட்டி சொன்னது சொன்னபடி இருக்கட்டும். தெலுங்குப் பகுதியை எழுதித்தர நான் வருகிறேன்.

---

இருக்கம்_பேரன் | செவ்வாய், இரவு 10:05

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. அண்ணா, அக்கா எல்லோருக்கும் நன்றி. பறி, உங்கள் அம்மா அனுமதித்தால் முதலில் அவரிடமே வருகிறேன். பாட்டு கேட்கமாட்டேன்.

பாட்டியின் பதிவை இன்று மறுபடி கேட்டேன். சூளூர்ப்பேட்டை அண்ணன் சொன்னதை மனதில் வைத்துக் கேட்டதில், பிடிபடாத 5 பெயரில் 2 தெலுங்கு என்று புரிந்தது. இத்தனை நாளும் அதைத் தமிழாக நினைத்துக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றையும் திறந்த இணையத்தில் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் இருந்தேன். குப்பத்து அண்ணன் எழுதியதற்கப்புறம் குழப்பம்.

---

விக்கி_நண்பன் | புதன், காலை 11:20

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். பூட்டிவைத்த ஆவணம் சீக்கிரம் செத்துவிடும். பெட்டியில் இருந்தால் கரையான், ஹார்ட் டிஸ்கில் இருந்தால் ஒருநாள் ஓடாது. ஃபேஸ்புக் குழுவில் போட்டால் ஆறு மாதத்தில் தேடினாலும் கிடைக்காது. இலங்கைத் தமிழர்கள் 2005-ல் தொடங்கிய நூலகம் தளத்தைப் பாருங்கள். ஊர் மலர், கோயில் மலர், நினைவு மலர் என்று தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக வருடி எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். திறந்து வைத்ததால்தான் உலகம் முழுக்கப் பரவிக் கிடக்கும் ஊர்க்காரர்கள் தேடி எடுக்க முடிகிறது.

புகைப்படங்களுக்கு விக்கிப்பீடியாவின் படக் கிடங்கான விக்கிமீடியா பொதுவகம் சரியான இடம். ஆனால் எடுத்தவர் உரிமம் கொடுக்கவேண்டும், அதை அப்புறம் திரும்பப் பெறமுடியாது, யார் வேண்டுமானாலும் விற்பனைக்குக்கூடப் பயன்படுத்தலாம். இதைப் பெரியவர்களிடம் புரியும்படி சொல்லிவிட்டுத்தான் செய்யவேண்டும். வாய்மொழிக் கதையை நேராக விக்கிப்பீடியாவில் எழுதினால் சான்று கேட்டு நீக்குவார்கள், மனம் உடைந்துபோகாதீர்கள். திட்டு, ஓடை பெயர்களுக்கு யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடம் நல்லது. ஒரே இடத்துக்குத் தமிழ்ப் பெயர், தெலுங்குப் பெயர் இரண்டும் தனித்தனியாகச் சேர்க்க அதில் வசதி உண்டு.

---

பொன்னேரி_டீச்சர் | புதன், மாலை 5:45

விக்கி நண்பர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் வரிசை முக்கியம் என்பேன். முதல் பிரதி பேசியவர் வீட்டுக்கு. இரண்டாவது தீவுப் பள்ளிக்கு. மூன்றாவதுதான் இணையத்துக்கு, அதுவும் அவர்கள் கேட்டுப்பார்த்து சரி என்ற பகுதி மட்டும். குப்பத்துத் தம்பிக்கு நடந்தது இன்னொரு வீட்டுக்கு நடக்கக்கூடாது.

இடப்பெயரிலும் எல்லாப் பெயரும் ஒன்றல்ல. படகு போகும் வழியின் பெயர் எல்லோருக்கும் பொது. மீன் படுக்கும் இடத்தின் பெயர் அந்தக் குடும்பத்துச் சோறு. அதை உலக வரைபடத்தில் குத்திவைக்க நமக்கு உரிமை கிடையாது.

---

விக்கி_நண்பன் | புதன், இரவு 7:10

டீச்சரம்மா, இடப்பெயரைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் யோசித்ததே இல்லை. ஏற்றுக்கொள்கிறேன். வழி, திட்டு, கோயில், துறை இவை மட்டும் வரைபடத்துக்கு.

---

பழவை_மரைக்காயர் | வியாழன், காலை 9:00

ஒரு சின்னச் சேர்க்கை. எங்கள் வீடுகளில் பழைய கடிதங்களும் ஏடுகளும் அரபு எழுத்தில் இருக்கும். பார்த்ததும் அரபு என்று குறித்துவிடாதீர்கள். எழுத்துதான் அரபு, மொழி தமிழ். அரபுத் தமிழ் என்போம். சரளமாகப் படிக்கத் தெரிந்தவர்கள் எங்கள் தெருவிலேயே குறைந்துவிட்டார்கள், அதனால் அதுவும் அவசரம். வேநாடு தீவு தர்காவுக்குப் படகில் போன கதைகள் எங்கள் வாப்பாவிடம் நிறைய உண்டு. எல்லா சனமும் ஒரே படகில் போவார்களாம். அவருக்கு 81 வயது, பேசுவதற்கு ஆவலாக இருக்கிறார்.

---

இருக்கம்_பேரன் | அடுத்த திங்கள், இரவு 11:30

நேற்று போய்வந்தேன். மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

பீமுலவாரிபாலெம் துறையில் காலையிலேயே படகு ஏறினேன். பாதி ஏரியில் தண்ணீர் முழங்காலளவுதான், படகுக்காரர் கோல் ஊன்றித் தள்ளினார். டீச்சர் சொன்னபடி முதலில் சாப்பாடு. சின்னப்பாட்டி மடவைக் குழம்பு வைத்திருந்தார். சாப்பிட்டு முடித்து, அக்காவின் குரல் கேட்கிறாயா என்று கேட்டுவிட்டு 40 நிமிடப் பதிவைப் போட்டேன். ஐந்து நிமிடம் வாய்விட்டு அழுதார். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியைக் காதோடு வைத்துக்கொண்டார். படகு வழி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இல்லடா, அவ ஒண்ண விட்டுட்டா" என்றார். 14 அல்ல, 15. விட்டுப்போன இடம், அவர்கள் அம்மா மழைக்குப் படகை ஒதுக்கி நின்ற திட்டு. புயலுக்கு அப்புறம் அது தண்ணீருக்கு அடியில் போய்விட்டதாம். பெயர் மட்டும் அவரிடம் இருக்கிறது.

பள்ளிக் கரும்பலகை அளவுக்கு ஒரு சார்ட் அட்டை கொண்டுபோயிருந்தேன். அதை விரித்து நான் ஏரியின் ஓரத்தை வரைந்தேன், அவர் விரலால் வழி காட்டினார். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "அந்த ஓடை இவ்வளவு தெற்கே இல்ல" என்று என் பென்சிலை வாங்கிக்கொண்டார். அவர் மனைவி அதே ஓடைக்குத் தெலுங்கில் வேறு பெயர் சொன்னார். மாலைக்குள் அந்த அட்டையைச் சுற்றி பதினோரு பேர். மீன் படுக்கும் இடம் வந்தபோது பெரியவர் கையை மடக்கி, "இது வேணாம்" என்றார். அங்கே ஒன்றும் குறிக்கவில்லை.

அட்டையைப் படம் எடுத்துக்கொண்டு அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். பதிவின் பிரதியை சின்னப்பாட்டி பேத்தியின் கைப்பேசியில் ஏற்றினேன், இன்னொன்றை மெமரி கார்டில் போட்டு அவர் டிரங்குப் பெட்டியில் வைத்தோம்.

அடுத்த நடை வரும் இரண்டாம் ஞாயிறு. காலை 7 மணிக்குத் துறையில் இருப்பேன். சூளூர்ப்பேட்டை அண்ணா, நீங்கள் வருவதாகப் பெரியவரிடம் சொல்லிவிட்டேன், தெலுங்குப் பெயர்களை உங்களிடம்தான் சொல்வாராம். பறி, உங்கள் அம்மாவைப் பார்க்க அதற்கு முந்தின சனிக்கிழமை மாலை வரலாமா? மரைக்காயர் ஐயா, வாப்பாவுக்கு எந்த நாள் வசதி என்று சொல்லுங்கள். ஒலிவாங்கிக்கு வைக்க மெல்லிய துணி யாரிடமாவது இருந்தால் எடுத்து வாருங்கள், துறையில் காற்று பலமாக இருக்கிறது.